நகலுக்கு ஆகும் செலவு

இரவு பதினொன்றே முக்காலுக்கு மேல் ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஐ.ஆர்.சி.டி.சி. கதவைச் சாத்திக்கொள்ளும். 12.20-க்குத்தான் திறக்கும். பெரிய கணினிகளுக்கெல்லாம் ராத்திரி என்பது தூங்கும் நேரம் கிடையாது. அன்றைய கணக்கை முடிக்க வேண்டும், தேதியை மாற்ற வேண்டும், உள்ளே இருப்பதற்கெல்லாம் ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். அந்த நகல் வேலையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன். அதற்கு எவ்வளவு செலவாகிறது, அதை எப்படிக் குறைக்கிறார்கள் என்பதை எங்கள் வீட்டிலேயே மூன்று மாதம் பார்த்தேன்.

கணினியைப் பற்றி எழுத இவருக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். நான் வருவாய்த்துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து 2009-ல் ஓய்வு பெற்றவன். தட்டச்சுப் பொறியும் கார்பன் தாளும்தான் என் காலத்து ஆயுதங்கள். ஆனால் இந்த விஷயத்தில் என்னை இழுத்துவிட்டது என் பிரெஞ்சு. நான் காரைக்காலில் பதினைந்து வயது வரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். அப்பா காலமானதும் கிருஷ்ணகிரியில் தாய்மாமன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு அந்த மொழி எனக்குச் சோறு போட்டதில்லை. மாமா மட்டும் விருந்தாளி வந்தால், "பிரெஞ்சுல ரெண்டு வார்த்தை பேசிக் காட்டுடா" என்பார். அறுபது வருடம் கழித்து ஒரு கடிதத்துக்காக அது பயன்பட்டது.

என் இளைய மகள் ஓசூரில் எங்களோடுதான் இருக்கிறாள். அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டியில் அலுவலகம். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. அவள் குழு பார்ப்பது பிரான்சில் இருக்கும் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மெயின்பிரேம் கணினியை. பாரிஸில் இரவு 11 மணி என்றால் நமக்குக் கோடையில் விடியற்காலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அந்த நேரத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் விளக்கு எரியும். எனக்கும் இந்த வயதில் மூன்று மணிக்கு மேல் தூக்கம் கிடையாது. காபி போட்டு எடுத்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் அவள் ஒரு கடிதத்தைக் காட்டினாள். "அப்பா, மெஷின்ல போட்டா மரியாதையா எழுதியிருக்காங்கன்னு வருது. மேனேஜர் ஒண்ணும் பெரிசா இல்லைங்கிறார். நீங்க ஒருதடவை படிங்க" என்றாள்.

படித்தேன். பிரெஞ்சு அலுவலகக் கடிதத்தில் மரியாதை என்பது அளவு தெரியாமல் கொட்டிக் கிடக்கும். அதை ஒதுக்கிவிட்டு நடுவில் இருக்கும் சின்னச் சொற்களைப் பார்க்க வேண்டும். நம் ஊர் மெமோவில் 'தவறும் பட்சத்தில்' என்று வருமே, அதே இடத்தில் அவர்கள் 'ஆ தெஃபோ' என்று எழுதுவார்கள். அந்தக் கடிதத்தில் அது இருந்தது. 'நகல் மென்பொருள் எடுத்துக்கொள்ளும் பிராசசர் நேரத்தை இந்தக் காலாண்டு முடிவதற்குள் கணிசமாகக் குறைக்க வேண்டும். தவறும் பட்சத்தில் இந்தப் பணியை வேறு ஏற்பாட்டுக்கு மாற்றுவது குறித்துப் பரிசீலிக்க நேரும்.' நான் தமிழில் சொன்னதும் மகள் சிறிது நேரம் பேசவில்லை. அவள் குழுவில் எட்டுப் பேர். அதில் மூன்று பேர் வீட்டுக் கடன் வாங்கியவர்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொற்களில் எல்லாம் பிடிவாதக்காரர்கள். கம்ப்யூட்டர் என்று சொல்ல மாட்டார்கள். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பிரான்ஸ் கிளை ஒரு நல்ல சொல் வேண்டும் என்று கேட்க, சொர்போன் பேராசிரியர் ழாக் பெரே 'ஓர்தினாத்தர்' என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். உலகத்தை ஒழுங்குபடுத்தும் கடவுளுக்கு இருந்த பழைய அடைமொழி அது. பேக்கப்புக்கு அவர்கள் சொல்வது 'ஸோவ்கார்த்'. காப்பு என்று பொருள். நகல் என்ற சொல்லைவிட இதில் ஒரு கவலை தொனிக்கிறது. எனக்குப் பிடிக்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மெயின்பிரேம் என்பது ஒரு பீரோ அளவு இருக்கும் கணினி. ஐ.பி.எம். 1964 ஏப்ரலில் அறிவித்த சிஸ்டம் 360 என்ற வகையின் வாரிசுகள்தான் இன்றைக்கும் உலகத்துப் பெரிய வங்கிகளிலும் காப்பீட்டு நிறுவனங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் பக்கத்தில் சென்னை ஐ.ஐ.டி.க்கு 1973-ல் ஜெர்மனி உதவியில் ஐ.பி.எம். 370 வந்தது. அப்போது அட்டைகளில் துளை போட்டு, கட்டாகக் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். பிராசசரின் ஒவ்வொரு விநாடிக்கும் அன்று கணக்கு இருந்தது. இன்றைக்கு நம் கையில் இருக்கும் போனில் யாரும் அதைக் கணக்குப் பார்ப்பதில்லை. மெயின்பிரேமில் மட்டும் அந்தக் கணக்கு இன்னும் போகவில்லை.

ஏன் என்றால் அதில் ஓடும் மென்பொருள்களுக்கு மாத வாடகை உண்டு. பல ஒப்பந்தங்களில் அந்த வாடகையை நிர்ணயிப்பது பிராசசர் எவ்வளவு வேலை செய்தது என்பது. அதிலும் மாதம் முழுவதும் செய்த மொத்த வேலையைப் பார்ப்பதில்லை. எந்த நேரத்திலும் அதற்கு முந்தைய நான்கு மணி நேரத்தின் சராசரி என்ன என்று பார்த்துக்கொண்டே வருவார்கள். அந்தச் சராசரி மாதத்தில் எப்போது உச்சத்தைத் தொட்டதோ, அந்த உச்சத்துக்குத்தான் பில். ஒரே ஒரு ராத்திரி ஏறினாலும் மாதம் முழுவதற்கும் அந்தக் கட்டணம்.

இது எனக்கு உடனே புரிந்தது. காரணம் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சிப்காட்டில் பிரஸ் ஷாப் வைத்திருக்கிறார். உயரழுத்த மின் இணைப்பு. நமக்கு வீட்டில் யூனிட் கணக்கு மட்டும்தான். அவருக்கு யூனிட்டோடு 'டிமாண்ட் சார்ஜ்' என்று ஒன்று தனியாக உண்டு. மாதத்தில் எந்தச் சமயத்தில் ஒரே நேரத்தில் அதிகபட்ச மின்சாரம் இழுத்தாரோ அதற்கு விலை. அதனால் அவர் பட்டறையில் காலையில் எல்லா மோட்டாரையும் ஒன்றாகப் போட விடமாட்டார். முதலில் கம்ப்ரசர், கொஞ்சம் பொறுத்து பிரஸ், ஃபர்னஸ் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு மேல். பத்திலிருந்து காலை ஐந்து வரை கட்டணத்தில் சிறு கழிவும் உண்டு. பிரான்சிலும் வீட்டு மின்சாரத்துக்கே இப்படி நெரிசல் நேரம், காலி நேரம் என்று இரண்டு விலை வைத்திருக்கிறார்கள். அந்தக் கடிதத்தில் கணினிக்கும் அதே 'காலி நேரம்' என்ற சொல்லைத்தான் போட்டிருந்தார்கள்.

மகளிடம் ஃபர்னஸ் கதையைச் சொன்னேன். "ஆமாப்பா, அதேதான். எங்களுக்கு ஃபர்னஸும் பிரஸும் ஒரே நேரத்துல ஓடுது" என்றாள். பாரிஸ் நேரப்படி ராத்திரி 11 மணிக்குப் பிரீமியம் கணக்குகள் எல்லாம் ஓட ஆரம்பிக்கும். அது தள்ளிப்போட முடியாத வேலை. அதே 11 மணிக்கு நகல் வேலையையும் யாரோ எப்போதோ வைத்துவிட்டார்கள். இரண்டும் சேர்ந்து உச்சம். போதாததற்கு, நகல் வேலை நீண்டு காலை எட்டு மணியைத் தாண்டிவிடும். அப்போது அங்கே கிளை அலுவலகங்கள் திறந்து, விபத்தில் கை ஒடிந்தவர் ஒருவர் தன் பாலிசி நிலவரம் கேட்டு வந்து நிற்பார். திரை அசையாது. நகல் எடுத்துக்கொண்டிருக்கிறது, காத்திருங்கள்.

இந்தக் காட்சி எனக்குப் புதிது இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

நகல் எடுப்பது என்றால் வட்டிலிருந்து படித்து டேப்பில் எழுதுவதுதானே, இதில் பிராசசருக்கு என்ன வேலை என்று கேட்டேன். நல்ல கேள்வி என்றாள். படிப்பதையும் எழுதுவதையும் செய்வதற்கு மெயின்பிரேமில் தனி வழிகள் உண்டு. பிராசசர் 'இதை எடு, அதில் வை' என்று உத்தரவு போட்டுவிட்டு வேறு வேலைக்குப் போகும். அதனால் ஒரு நகல் வேலை நான்கு மணி நேரம் ஓடினாலும் பிராசசர் அதில் செலவழித்தது சில நிமிடங்களாக இருக்கலாம். எது எத்தனை விநாடி சாப்பிட்டது என்பதை அந்தக் கணினியே ஒரு பதிவேட்டில் குறித்து வைக்கிறது. எஸ்.எம்.எஃப். பதிவுகள் என்று பெயர். முதல் இரண்டு வாரம் அவள் வேறு எதையும் தொடவில்லை. அந்தப் பதிவுகளை மட்டும் படித்துக்கொண்டிருந்தாள். மேனேஜர் தினமும் போன் போட்டு, "ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்பார். "இன்னும் பார்த்துட்டிருக்கேன் சார்" என்பாள். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கோப்பைப் படிக்காமல் குறிப்பு எழுதுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதிவுகள் சொன்னதில் முதலாவது, சுருக்குவது. இடம் மிச்சமாகட்டும் என்று தரவை நெருக்கிச் சுருக்கி எழுதுகிறார்கள். அதை மென்பொருள் செய்தால் ஒவ்வொரு எழுத்தையும் பிராசசர் தொட்டுப் பார்க்க வேண்டும். நகல் வேலையில் பெரிய தீனி அதுதான். வேடிக்கை என்னவென்றால், அந்த டேப் கருவியே வந்ததைச் சுருக்கித்தான் எழுதும். சுருக்கியதை மறுபடி சுருக்கினால் ஒன்றும் மிஞ்சாது. துவைத்துப் பிழிந்த துணியை வண்ணானிடம் மறுபடி பிழியக் கொடுத்த மாதிரி. யாரோ பழைய டேப் கருவி இருந்த காலத்தில் போட்ட ஒரு சொல், கருவி மாறிய பிறகும் உத்தரவில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு சொல்லை எடுத்தாள்.

இரண்டாவது, படிக்கும் விதம். இந்த வட்டுகளில் தரவு தடங்களாக இருக்கும். பதினைந்து தடம் சேர்ந்தால் ஒரு சிலிண்டர். ஒவ்வொரு தடமாகக் கேட்டுப் படித்தால் பதினைந்து உத்தரவு. சிலிண்டராகக் கேட்டால் ஒன்று. ரெக்கார்ட் ரூமுக்கு ஒவ்வொரு கோப்புக்கும் ஒருமுறை நடப்பதா, தள்ளுவண்டியோடு ஒரே நடையில் பதினைந்தையும் கொண்டுவருவதா என்ற வித்தியாசம். ஒரு சொல்லை மாற்றினால் போதும். ஆனால் நினைவகம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

மூன்றாவது, ஒவ்வொரு கோப்பையும் பெயர் சொல்லித் தேடி எடுக்கும் நகலுக்கு, வட்டை அப்படியே முழுசாக எடுக்கும் நகலைவிடப் பிராசசர் அதிகம் தேவை. சின்னச் சின்னக் கோப்பாக ஆயிரக்கணக்கில் இருந்தால் சொல்லவே வேண்டாம். தரவைவிடப் பட்டியலைப் புரட்டுவதிலேயே நேரம் போகும்.

இவையெல்லாம் திருகாணியை இறுக்குகிற வேலைகள். கொஞ்சம் இறங்கியது, போதவில்லை. அப்போதுதான் எதையெல்லாம் நகல் எடுக்கிறோம் என்ற கேள்வி வந்தது. அவர்கள் ஏற்பாட்டில் தினமும் எல்லாவற்றையும் முழுசாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து மாறாததையும்.

இங்கே நான் காரைக்காலுக்குப் போக வேண்டியிருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவில் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் பதிவாகும் இடத்தை எங்கள் பக்கத்தில் 'எத்தாசிவில்' என்பார்கள். இன்றைக்கும் பெரியவர்கள் அந்தச் சொல்லைச் சொல்வார்கள். அந்தப் பதிவேடுகளுக்குப் பின்னால் ஒரு பழைய உத்தரவு இருக்கிறது. 1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். கடல் கடந்த ஊர்களில் தீ, புயல், கரையான், யுத்தம் எல்லாம் உண்டு. காகிதம் போனால் சொத்துரிமையும் வாரிசுரிமையும் போகும். பதினாறாம் லூயி 1776 ஜூனில் ஒரு சாசனம் போட்டார். குடியேற்றங்களில் இருக்கும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவேடுகள், நோட்டரி பத்திரங்கள், நீதிமன்ற ஏடுகள் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வெர்சாயில் ஒரு காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும். பழைய ஏடுகளை ஒருமுறை முழுசாக எடுத்து அனுப்பிவிடுவது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்த வருடத்து ஏட்டின் நகல் மட்டும். அந்தக் காகிதங்கள் இப்போது தெற்குப் பிரான்சில் எக்ஸ்-அன்-புரோவான்ஸ் காப்பகத்தில் இருக்கின்றன. காரைக்கால் ஏட்டுப் பக்கங்களை ஓசூரில் உட்கார்ந்து நானே கணினியில் புரட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தேன் என்று என் மனைவி சொல்கிறாள்.

அந்த எழுத்தர்களை நினைத்துப் பாருங்கள். இறகுப் பேனா, விளக்கெண்ணெய் விளக்கு. வருடா வருடம் பழைய நூறு வருடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தால் அவர்கள் ஒரு பிறப்பைக்கூடப் புதிதாகப் பதிந்திருக்க முடியாது. ஒருமுறை முழுசு, பிறகு மாறியது மட்டும் என்ற முறை கணினி வந்த பிறகு கண்டுபிடித்தது இல்லை. மெயின்பிரேமில் ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பிலும் 'கடைசி நகலுக்குப் பிறகு இது மாறியிருக்கிறது' என்று சொல்ல ஒரு சின்ன அடையாளம் உண்டு. யாராவது எழுதத் திறந்தால் அடையாளம் விழும். நகல் எடுத்து முடிந்ததும் அழிந்துவிடும். நகல் மென்பொருள் அந்த அடையாளம் உள்ளதை மட்டும் எடுத்தால் போதும். ஞாயிற்றுக்கிழமை முழுசாக, மற்ற ஆறு நாளும் மாறியதை மட்டும்.

இன்னொன்று எங்கள் மாவட்டக் கதை. 2004 பிப்ரவரி 9-ஆம் தேதி தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. மாவட்டம் பிரிவது என்றால் மேடையில் ரிப்பன் வெட்டுவது வெளியே தெரியும். உள்ளே கோப்புகளைப் பிரிக்க வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் சம்பந்தப்பட்ட கோப்பு என்றால் நகல் எடுக்க வேண்டும். நான் அப்போது இருந்த அலுவலகத்தில் முதலில் எல்லாவற்றையும் நகல் எடு என்றார்கள். ஒரே ஒரு ஜெராக்ஸ் மெஷின். அது காலையிலிருந்து மாலை வரை இதற்கே ஓடியது. ஜன்னலுக்கு வெளியே சாதிச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் அஞ்செட்டி, தளி பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள் நிற்பார்கள். "சார், மெஷின் காலியாகலீங்களா?" என்று கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் கேட்பார்கள். மூன்று மொழியிலும் ஒரே பதில்தான்.

எங்கள் கண்காணிப்பாளர் ஒரு வாரம் பார்த்தார். பிறகு ஒரு தாளில் நான்கு எழுத்தை எழுதிப் பிரிவுகளுக்கு அனுப்பினார். பழைய வருவாய்த்துறைக்காரர்களுக்குத் தெரியும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரமாக வைக்க வேண்டியது. டி.டிஸ். பத்து வருடம். கே.டிஸ். மூன்று வருடம். எல்.டிஸ். ஒரு வருடம். ஒவ்வொரு கோப்பும் முடியும்போது இந்த எழுத்தில் ஒன்று அதன் மேல் ஏறியிருக்கும். "காலம் முடிஞ்ச எல்.டிஸ்.ஸையும் கே.டிஸ்.ஸையும் எதுக்குய்யா நகல் எடுக்கிறீங்க? அதை அழிக்க உத்தரவு வாங்குங்க. ஆர்.டிஸ்.ஸுக்கு முழு நகல். மத்ததுக்குப் பதிவேட்டுப் பக்கம் போதும், கோப்பு எங்க இருக்குன்னு தெரிஞ்சா கேட்டு வாங்கிக்கலாம். அதுவும் அஞ்சு மணிக்கு மேல" என்றார். அதற்குப் பிறகு பகலில் மெஷின் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களுக்கு ஓடியது. நாங்கள் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்தோம். டீயும் பன்னும் அவர் செலவு.

இதை மகளிடம் சொன்னபோது சிரித்தாள். "அப்பா, நாங்க அதுக்கு ரிடென்ஷன் பாலிசின்னு பேர் வெச்சு ட்ரெயினிங் எல்லாம் குடுக்கிறோம்." சிரித்தாலும் மறுநாள் அந்த வாடிக்கையாளரின் கோப்புப் பட்டியலை எடுத்து உட்கார்ந்தாள். என்ன இருந்தது தெரியுமா? சோதனைக்காக உண்டாக்கிய கோப்புகள், ஒரு வேலை முடிந்ததும் தூக்கி எறிய வேண்டிய இடைக்காலக் கோப்புகள், வேறு ஊருக்குப் போய்விட்ட யாரோ ஒருவர் பெயரில் பழைய நகலின் நகல். எல்லாவற்றுக்கும் தினமும் முழு மரியாதையோடு ஸோவ்கார்த். எதை விடலாம் என்று அவளாகத் தீர்மானிக்க முடியாது. சொந்தக்காரர்களிடம் கேட்க வேண்டும். ஒவ்வொரு பிரிவுக்கும் பிரெஞ்சில் ஒரு கேள்விக் கடிதம் தயாரானது. அதை எழுதியது நான். கடைசியில் நானும் ஒரு 'தவறும் பட்சத்தில்' போட்டேன். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் இந்தக் கோப்பு வாரம் ஒருமுறை மட்டும் நகல் எடுக்கப்படும் என்று. பதில்கள் வேகமாக வந்தன.

நேரத்தையும் மாற்றினார்கள். சேமிப்புப் பெட்டிக்கே ஒரு வித்தை தெரியும். ஒரு கணத்தில் 'இப்போது இருப்பது போல ஒரு படம்' பிடித்து வைத்துக்கொள்ளும். பிராசசர் உத்தரவு மட்டும் போட்டால் போதும், பிரதி எடுக்கும் பாரம் பெட்டியைச் சேர்ந்தது. 11 மணிக்கு அந்தப் படத்தை எடுத்துவிட்டு, பிரீமியம் வேலை முடிந்து பிராசசர் சும்மா இருக்கும்போது அந்தப் படத்திலிருந்து டேப்புக்கு மாற்றினார்கள். மொத்த வேலை அவ்வளவாகக் குறையாவிட்டாலும் உச்சம் உடைந்துவிடும். எதிர்வீட்டுக்காரரின் ஃபர்னஸ் மாதிரி. இது தவிர, ஐ.பி.எம். 2006-ல் கொண்டுவந்த 'ஸிப்' என்ற தனிப் பிராசசர் ஒன்று உண்டு. அதில் ஓடும் வேலை மாத பில்லில் சேராது. ஆனால் எல்லா வேலையையும் அதில் தள்ள முடியாது, அதற்கென்று எழுதிய பகுதிகள்தான் போகும். நகல் மென்பொருளின் புதிய பதிப்பில் சில பகுதிகள் போயின.

ஒரு இடத்தில் மட்டும் தகராறு வந்தது. காலாண்டு முடிய பத்து நாள் இருக்கும்போது, இன்னும் இறக்கலாம் என்று மேலே ஒருவர் யோசனை சொன்னார். வாராவாரம் ஒரு நகலைத் திரும்ப எடுத்து வேறு வட்டில் விரித்துப் பார்க்கிறோம், அதற்கும் பிராசசர் செலவாகிறது, அதை நிறுத்திவிடலாம். காகிதத்தில் அழகாக இருந்தது. மகள் முடியாது என்றாள். மாறியது மட்டும் எடுக்கும் முறைக்கு வந்த பிறகு அந்தச் சோதனை முன்னைவிட அவசியம் என்பது அவள் வாதம். முன்பு ஒரு டேப் இருந்தால் ஒரு நாள் முழுசாக வந்துவிடும். இப்போது சனிக்கிழமை நிலவரம் வேண்டும் என்றால் ஞாயிறு நகலின் மேல் திங்கள், செவ்வாய் என்று ஆறு அடுக்கை வரிசையாக வைக்க வேண்டும். நடுவில் ஒன்று கெட்டிருந்தால் அந்த முழு நிலவரத்தை நம்ப முடியாது. அதைச் சோதிக்காமல் விட்டுவிட்டு, பில் குறைந்தது என்று கைதட்ட முடியாது.

இந்த இடத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. என் காலத்தில் அரசு ஊழியருக்குப் பணிப்பதிவேடு இரண்டு படி. ஒன்று அலுவலகத்தில், ஒன்று ஊழியர் கையில். வருடா வருடம் இரண்டிலும் பதிவு போட்டு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. என்னோடு வேலை பார்த்த அலுவலக உதவியாளர் ஒருவர் ஓய்வு பெறும் நேரத்தில் அலுவலகப் படியைக் கரையான் அரித்திருந்தது. அவர் டிரங்குப் பெட்டியில் இரண்டாம் படி பத்திரமாக இருந்தது. எடுத்துப் பிரித்தால் கடைசிப் பன்னிரண்டு வருடப் பக்கங்கள் வெறுமை. யாரும் ஒப்பிடவில்லை. சம்பளப் பட்டியல்களைத் தேடி எடுத்து அந்த வருடங்களைத் திரும்ப எழுதி முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. அதுவரை அவருக்கு முழு ஓய்வூதியம் வரவில்லை. மகள் திருமணத்துக்குக் கடன் வாங்கினார்.

சோதனை நிற்கவில்லை. நேரம் மட்டும் மாறியது, ஞாயிறு மதியத்துக்கு. பாரிஸில் அப்போது பிராசசர் ஏறக்குறைய சும்மா இருக்கும், உச்சத்தைத் தொடாது. காலாண்டின் கடைசி ஞாயிறு, மகள் வேண்டுமென்றே கடினமான ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள்: வாரத்தில் தினமும் ஏதாவது கோப்பு மாறிய ஒரு வட்டு, முழுசாகச் சனிக்கிழமை இரவு நிலையில் வேண்டும். ஏழு அடுக்கும் ஏற மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. பழைய முறையில் இதைவிடச் சீக்கிரம் வந்திருக்கும். அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதினாள்: அன்றாடச் செலவு குறைகிறது, ஆபத்து வந்தால் மீட்கும் நேரம் கூடுகிறது, சம்மதமா? அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் போட்டுக் கொடுக்க எனக்கு அரை மணி ஆனது. 'சம்மதமா' என்பதைக் கெஞ்சலாகவும் இல்லாமல் அதட்டலாகவும் இல்லாமல் எழுத வேண்டுமே.

எண்களை வெளியே சொல்லக் கூடாது என்று மகள் உத்தரவு. உச்சம் நன்றாக இறங்கியது. காலை எட்டு மணிக்கு முன்னால் நகல் முடிந்துவிடுகிறது. எட்டுப் பேரும் அதே வேலையில் இருக்கிறார்கள். பதில் கடிதம் நான்கு வரி. மூன்று வரி மரியாதை. நடுவில் ஒரு வரியில், மீட்கும் நேரத்துக்குச் சம்மதம், ஆனால் வருடக் கடைசிக் கணக்கு முடியும் டிசம்பர் 31 இரவு மட்டும் பழையபடி எல்லாவற்றையும் முழுசாக எடுங்கள், அந்த மாத பில் எவ்வளவு ஏறினாலும் நாங்கள் கட்டுகிறோம் என்று இருந்தது. மகள் அதற்கு உடனே சரி என்று எழுதிவிட்டாள். அன்று ராத்திரி யார் விழித்திருப்பது என்பதில்தான் குழுவுக்குள் இன்னும் பேச்சு நடக்கிறது.